1107இல் தேங்கிய வெள்ளிக்கிழமைகள்

ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில் பஸ் திரும்பும் சந்தியில் நிற்கும் பதினான்கு மாடிக் கூட்டுறவுக் குடியிருப்பில், ஓகஸ்ட் தொடக்கம் முப்பத்துநான்கு வாரங்களுக்கு வெள்ளிக்கிழமை வரவில்லை. வியாழன் இரவு படுத்தவர்கள் சனி காலையில் எழும்பினார்கள். நடுவில் ஒரு நாள் போனதற்கு அடையாளமாக அடுப்பில் வைத்த பால் திரைந்திருக்கும், ஆண்களுக்குத் தாடி ஒரு நாள் கூடுதலாக வளர்ந்திருக்கும், அவ்வளவுதான். வெளியே தெருவிலும் பஸ் தரிப்பிலும் எதிரே இருக்கும் மரக்கறிக் கடையிலும் வெள்ளிக்கிழமை வழக்கம்போல வந்து போனது. முதல் மாதத்தில் பதினொரு பேருக்கு வேலை போனது. அதற்குப் பிறகு வேலைக்குப் போகிறவர்கள் வியாழன் பின்னேரமே பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நகரமான பிறம்ரனில் இருக்கும் மச்சான் வீட்டுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ போய்ப் படுத்து, அங்கே வெள்ளியைக் கண்டுவிட்டுத் திரும்பப் பழகிவிட்டார்கள். நூற்றுநாற்பத்திரண்டு வீடுகளில் ஒருவர்கூட நகரசபைக்கு ஒரு வரி எழுதவில்லை. முன்பு லிஃப்ட் ஐந்து மாதம் ஓடாமல் நின்றபோதும் இவர்கள் இப்படித்தான் பழகினார்கள். போரையும் அகதி விசாரணையையும் தாண்டி வந்தவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் குறைவது பெரிய விடயமாகப் படவில்லை. சனிக்கிழமை ஒரு நாள் முந்தி வருகிறதே என்று இரகசியமாகச் சந்தோஷப்பட்டவர்களும் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமையை ஒழித்தவர் பதினோராம் மாடியில் 1107ஆம் இலக்க வீட்டில் இருக்கும் இராசரத்தினம். எழுபத்தைந்து வயது, நீர்ப்பாசன எஞ்சினியர், இடதுசாரிக் கட்சியின் புலமைப்பரிசிலில் சோவியத் நாட்டில் ஆறு வருடம் படித்தவர். கட்சி கரைந்து, சோவியத் நாடும் கரைந்த பிறகும் தான் மட்டும் கரையாமல் இருப்பதைப் பெருமையாக நினைத்தவர். கட்டடம் முழுவதும் அவரைத் தோழர் என்றே கூப்பிட்டது. அது மரியாதையா நக்கலா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. நக்கல்தான். ஐந்து வருடமாக அவர் குடியிருப்பின் நிர்வாக சபைத் தலைவர், ஏனென்றால் அந்தப் பதவிக்கு வேறு ஒருவரும் நின்றதில்லை. வருடக் கூட்டத்தில் றோல்ஸும் பற்றிஸும் உண்டு என்று நோட்டீஸில் போட்டால் ஆட்கள் வருவார்கள், தின்று முடிந்ததும் எதற்கென்று கேளாமல் கையை உயர்த்திவிட்டுப் போவார்கள். இராசரத்தினத்துக்கும் அவர்கள்மேல் பெரிய மதிப்பில்லை. கடைத்தொகுதியில் டயர்க் கடைக்கும் இன்சூரன்ஸ் கந்தோருக்கும் நடுவில் வாடகைக்கு இருக்கும் கடவுளிடம் போய் வீட்டுக்கடன் கேட்கிற கூட்டம் என்பார். கும்பிடுகிறவர்களைக் காணும்போது அவருடைய மேலுதடு ஒரு பக்கமாக ஏறும். அந்த உதட்டைப் பார்த்தே பலர் கோவிலுக்குப் போகும்போது லிஃப்டை விட்டுப் படியால் இறங்கினார்கள்.

நாளை ஒழிக்கும் யோசனை அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. 1929ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் சோவியத் அரசு ஏழு நாள் வாரத்தை ஐந்து நாளாக வெட்டியது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, ஊதா, பச்சை என்று ஒரு நிறம் கொடுக்கப்பட்டது. தன் நிறத்து நாளில் ஓய்வு, மற்ற நாலு நாளும் வேலை. இயந்திரங்கள் நிற்காமல் ஓடும் என்பது பெரிதாகச் சொன்ன காரணம். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாவிட்டால் சனங்கள் எந்த நாளில் பூசைக்குப் போவார்கள் என்பதையும் கூடவே நினைத்துத்தான் வெட்டினார்கள். கடவுள் மறுப்புச் சங்கத்தில் இலட்சக்கணக்கானவர்கள் சேர்க்கப்பட்டார்கள், தேவாலயங்களில் தானியம் கொட்டப்பட்டது, விரிவுரையாளர்கள் ஊரூராகப் போய் அற்புதம் என்று ஒன்றும் இல்லை என்பதை இரசாயனக் குப்பிகளோடு விளக்கினார்கள். இராசரத்தினம் மாணவனாக லெனின்கிராட்டுக்குப் போனபோது, பெரிய தேவாலயம் ஒன்றின் கூரையிலிருந்து பூமி சுழல்வதைக் காட்டுகிற ஊசல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்று அவர் கண்கலங்கினார். தேவாலயத்துக்குள் நின்று கண்கலங்குவதற்கு வேறு பெயர் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அவருடைய மாணவர் விடுதியில் துணி தோய்த்த கிளஃபீரா என்ற பெண் அந்த ஐந்து நாள் வாரத்துக்குள் வளர்ந்தவள். தாய்க்கு மஞ்சள், தகப்பனுக்குப் பச்சை, ஆகவே இரண்டு வருடமாக வீட்டில் எல்லாரும் ஒன்றாக ஓய்ந்திருந்த நாள் ஒன்றும் இல்லை என்று சொன்னாள். தாய் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் கரியால் கோடு போட்டு ஏழாம் நாளை எண்ணிப் பிடித்தாளாம். ஈஸ்டர் வந்தபோது அதற்குரிய ரொட்டியைச் சுட்டு வசந்த ரொட்டி என்று பெயர் வைத்தாளாம். கடவுள் மறுப்புச் சங்கத்துச் செயலாளரும் வந்து இரண்டு துண்டு தின்றுவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் போனாராம். ஐந்து நாளை ஆறு நாளாக்கிப் பார்த்து, பதினொரு வருடத்தில் அரசாங்கமே களைத்துப்போய்ப் பழைய வாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவள் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது இராசரத்தினம் தன் குறிப்புப் புத்தகத்தில் ஐந்து நிறங்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

ஐம்பது வருடம் கழித்து அந்தக் குறிப்பு ஸ்காபரோவில் ஒரு லோன்றி அறையில் பயன்பட்டது. நிலக்கீழ் மாடியில் உடுப்புத் தோய்க்கும் ஆறு மெஷின்கள் இருந்தன. வெள்ளிக்கு வீடு கழுவி, விரிப்பு மாற்றி, தோய்த்த உடுப்பு உடுக்கவேண்டும் என்பதற்காகச் சைவக்காரப் பெண்கள் எல்லாரும் வியாழக்கிழமை கூடையோடு வந்தார்கள். வெள்ளித் தொழுகைக்குத் தோய்த்த உடுப்பு வேண்டும் என்பதற்காக முஸ்லிம் வீடுகளும் வியாழனே வந்தன. யாரோ ஒருவர் யாரோ ஒருவருடைய ஈரத் துணியை எடுத்து நிலத்தில் போட்டதில் இரண்டு குடும்பங்கள் பேச்சை விட்டன, ஒரு கலியாணப் பேச்சு நின்றது. இராசரத்தினம் மாடிகளை ஐந்து நிறமாகப் பிரித்து அட்டவணை ஒட்டினார். ஊதா மாடியும் பச்சை மாடியும் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வியாழக்கிழமையே தோய்த்தன. சோவியத் தோழர்கள் விட்ட பிழை அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவர்கள் நாளின் வேலையை மாற்றினார்களே தவிர நாளை வேரோடு பிடுங்கவில்லை. ஜூலைக் கூட்டத்தில் துணைவிதி ஒன்றைக் கொண்டுவந்தார்: இக்கட்டடத்தின் எல்லைக்குள் வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் இராது. ஆதரவாக ஏழு கை, எதிராக இரண்டு. மற்றவர்களின் கையில் பற்றிஸ் இருந்தது. அடுத்த வாரம் வெள்ளி வரவில்லை. அந்தக் கட்டடத்தின் துணைவிதிகளில் உண்மையாகவே நடைமுறைக்கு வந்தது அது ஒன்றுதான். நாய் வளர்க்கக்கூடாது என்ற விதியும் பல்கனியில் இறைச்சி வாட்டக்கூடாது என்ற விதியும் இன்றுவரை காகிதத்தில்தான் இருக்கின்றன.

லோன்றி ஒரு சாட்டு மட்டுமே. உள்ள காரணம் கட்டடத்தில் இரண்டு பேருக்குத் தெரியும், ஒருவர் இராசரத்தினம், மற்றது அவருடைய மனைவி குணவதி. 1985ஆம் ஆண்டு வவுனியாவுக்குப் போகும் வழியில் இராசரத்தினத்தை இராணுவத்தினர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய், தெற்கே ஒரு முகாமில் பதினொரு மாதம் வைத்திருந்தார்கள். குணவதி கைக்குழந்தையோடு அம்மன் கோவில் வாசலில் நின்று நேர்த்தி வைத்தாள். மனுசன் உயிரோடு வரவேண்டும். நேர்த்தி முடியும்வரை வெள்ளிக்கு வெள்ளி பகல் முழுக்க வாயில் ஒன்றும் வைப்பதில்லை, இரவுக்கு ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமும், மறுநாள் காலை குளித்துச் சமைத்து, விரதத்தை முறிக்கும் பாறணையில்தான் சோறு. வந்த மனுசன் தானே குளித்து ஈர வேட்டியோடு நின்று, நாலு பேர் கேட்க, ‘வந்திட்டன்’ என்று அம்மனுக்குச் சொல்லவேண்டும். அந்த ஊரில் நேர்த்தி முடிப்பது அப்படித்தான். கடலில் தப்பி வந்தவனும் சொன்னான், பெரியாஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவனும் சொன்னான். இராசரத்தினம் வந்தார், ஆனால் சொல்லமாட்டேன் என்றார். தன்னை மீட்டது உலகத் தொழிற்சங்கங்கள் அனுப்பிய முந்நூற்றுப் பன்னிரண்டு தந்திகள் என்றார். குணவதி வாதாடவில்லை. நேர்த்தி முடியவில்லை, ஆகவே விரதமும் முடியவில்லை. ரொறன்ரோவுக்கு வந்து, உடுப்புத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நின்றபடி வேலை செய்தபோதும் வெள்ளிக்கு வெள்ளி அவள் வயிறு காய்ந்தது. அவர் முன்னால் இருந்து கடையில் வாங்கிய கொத்துரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு, உன்னுடைய அம்மன் தந்தி அடிப்பாவோ என்று கேட்டுச் சிரிப்பார். ஒரு பெண் முப்பத்தெட்டு வருடமாகத் தன் உயிருக்காகப் பட்டினி கிடக்கிறாள் என்பதை அவர் தாங்கிய விதம் அந்தச் சிரிப்பு. வயதேற ஏறச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கமுடியாமல் போன பிறகுதான் வெள்ளிக்கிழமையையே எடுத்துவிட்டால் என்ன என்று அவருக்குப் பட்டது.

எடுத்த வெள்ளிக்கிழமைகள் எங்கே போகும் என்று அவர் யோசிக்கவில்லை. ஒழிக்கிறவர்கள் பொதுவாக அதை யோசிப்பதில்லை. விலாசம் பிழைத்த கடிதம் அனுப்பியவரிடமே திரும்புவதுபோல அவை 1107க்கு வந்து சேர்ந்தன. செப்டெம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்த இராசரத்தினத்தின் கைபேசி வெள்ளி என்று காட்டியது. வெளியே போனால் திங்கள், உள்ளே வந்தால் வெள்ளி. கைபேசிக் கம்பனிக்கு அழைத்து முக்கால் மணித்தியாலம் முறைப்பாடு செய்தார். ஒக்டோபரில் 1107இல் வாரத்துக்கு மூன்று வெள்ளி நின்றது, கிறிஸ்மஸுக்குள் ஐந்து, மாசி கடைசியிலிருந்து ஏழு நாளும் வெள்ளி. குணவதி ஆச்சரியப்படவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், துணி அலமாரியின் மேல்தட்டில் துவாய்களுக்கு மேலே கணவனுக்கு மறைவாக வைத்திருந்த அம்மன் படத்துக்கு விளக்கேற்றினாள், வாயைக் கட்டினாள்.

கட்டடத்தில் வெள்ளி வேண்டியவர்கள் வாசனை பிடித்து வந்தார்கள். நாலாம் மாடியில் இருந்த ஹுஸைன், ஓய்வுபெற்ற தையல்காரர், முழங்கால் வலியால் வெளியே போகமுடியாதவர், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்து கதவைத் தட்டி, சீனி கேட்கிற குரலில், “வெள்ளி இருக்கா தோழர்?” என்று கேட்டார். இராசரத்தினம் பதில் சொல்லுமுன் குணவதி உள்ளேயிருந்து, “ஓம், வாங்கோ அண்ணை” என்றாள். ஹுஸைன் ஜன்னல் பக்கம் பாயை விரித்து வெள்ளிக்கு ஓதவேண்டியதை ஓதினார். ஆனால் மனுசன் கவனமானவர், வெளியே செவ்வாய் என்பதையும் மறக்காமல் அன்றைய மதியத் தொழுகையான லுஹரை வீட்டிலேயே தொழுதுவிட்டுத்தான் வந்திருந்தார். பிறகு எட்டாம் மாடி றெஜினா தவக்காலத்துக்கு வந்தாள். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளின் படங்களையும் நடையின் சுவரில் ஒட்டுநாடா போட்டு ஒட்டினாள். இடம் போதாமல் ஒன்பதாம் நிலை குளியலறைக் கதவுக்கு மேலே போனது. பிறகு சைவக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தேங்காயும் வெற்றிலையுமாக வந்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் அன்பு கொண்டுவிட்டார்கள் என்று யாரும் நினைக்கக்கூடாது. யார் சாம்பிராணி கூடப் போடுகிறார், யார் சத்தமாக ஓதுகிறார், யாருடைய செருப்பு வழியை மறிக்கிறது என்று ஒவ்வொரு நாளும் முறைத்துக்கொண்டார்கள். மூன்று கூட்டமும் ஒற்றுமைப்பட்டது ஒரு விடயத்தில்தான், தோழரைப் பார்த்து மேலுதட்டை ஒரு பக்கமாக ஏற்றுவதில். இராசரத்தினம் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பல்கனியில் இருந்தார். பல்கனி வீட்டோடு சேர்த்தியில்லை என்று சபையின் வரைபடத்தில் இருந்தபடியால் அங்கே செவ்வாய் செவ்வாயாகவே நின்றது.

மாசி முடிந்ததோடு பாறணை நின்றது. சனிக்கிழமை வந்தால்தானே பாறணை. பாலும் பழமுமாகக் குணவதி கரைந்தாள். ஐப்பசியில் அறுபத்தொரு கிலோ இருந்தவள் பங்குனியில் நாற்பத்தாறு கிலோவில் நின்றாள். கழுத்தெலும்பு தெரிந்தது, மோதிரம் விரலிலிருந்து கழன்று பாத்திரம் கழுவும் சிங்கில் விழுந்தது. பிறம்ரனில் மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள் நிலாணி, அன்று கைக்குழந்தையாக இருந்தவள், வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று அழுதாள். “அம்மா, யூ காண்ட் டூ திஸ். என்னோட வாங்கோ. எங்கட வீட்டில சனி இருக்கு, ஞாயிறு இருக்கு. வந்து சாப்பிடுங்கோ.”

“என்ரை வீட்டிலை வெள்ளி நிக்கேக்கை உன்ரை வீட்டிலை ஒளிச்சு வந்து சோறு தின்னச் சொல்லுறியே?” என்றாள் குணவதி.

மகள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இராசரத்தினம் முகாமில்கூடக் கண்டதில்லை. அன்றிரவு அவர் சோறும் பருப்பும் தானே ஆக்கி, சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு, பல்கனியில் கதிரை ஒன்றின்மேல் வைத்து, கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

“குணம், இஞ்சை புதன். வந்து சாப்பிடும்.”

குணவதி அவரையும் கோப்பையையும் பார்த்தாள், குளிர் வருகிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். சோறு பல்கனியில் உறைந்தது. கதவுக்கு வெளியே நின்ற இராசரத்தினமும் கொஞ்சநேரம் உறைந்தார், பிறகு தட்டித் திறக்கச் சொன்னார்.

இவள் செத்துப்போவாள் என்று அவருக்கு அன்று தெரிந்தது. தெரிந்த பிறகும் மானம் விடவில்லை, இன்னும் எட்டு நாள் எடுத்தது. ஒன்பதாம் நாள் அவசரக் கூட்டம் கூட்டினார். பார்ட்டி ரூமில் எழுந்து நின்று, நடைமுறைக் காரணங்களை முன்னிட்டு வெள்ளிக்கிழமையை மீண்டும் அனுமதிக்கவேண்டும் என்று பிரேரித்தார். விளக்கம் சொல்ல நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தார், ஒருவரும் கேட்கவில்லை. ஒழிக்க உயர்ந்த அதே ஏழு கைகள் மீட்கவும் உயர்ந்தன. மற்றவர்களின் கையில் இம்முறை கடலை வடை. அந்த வாரமே வெள்ளிக்கிழமை கட்டடத்துக்குத் திரும்பியது, எல்லாரும் வியாழக்கிழமை லோன்றி அறையில் சண்டை பிடித்தார்கள், யாரும் அதைப்பற்றிப் பிறகு பேசவில்லை.

1107இல் மட்டும் ஒன்றும் மாறவில்லை. இராசரத்தினம் எஞ்சினியர், கணக்குப் பார்த்தார். நூற்றுநாற்பத்திரண்டு வீடு, முப்பத்துநான்கு வாரம். அதில் 1107இல் கழிந்தது போக, நாலாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட வெள்ளிக்கிழமைகள் வீட்டுக்குள் தேங்கி நின்றன. நாளுக்கு ஒன்றாகக் கழிந்தாலும் பன்னிரண்டரை வருடம். குணவதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறதா என்பதே சந்தேகம். அவர் ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டுக்கும் முப்பத்துநான்கு வெள்ளி உரியது, தயவுசெய்து வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று கேட்டார். ஐந்தாம் மாடியில் ஒருவர், இருந்தால் ஞாயிறைத் தாருங்கள், வெள்ளி வேண்டாம் என்றார். பன்னிரண்டாம் மாடியில் ஒரு பெண், தாங்கள் முட்டுப்பட்டுக்கொண்டு இருக்கிறோம், வைக்க இடமில்லை என்றாள். தேங்காயோடு வந்துபோன பெண்கள்கூட, வேண்டும்போது உங்கள் வீட்டுக்கே வருகிறோமே, பிறகேன் என்று கேட்டார்கள். பக்தி என்பது மற்றவன் வீட்டில் கிடைக்குமென்றால் எவரும் தம் வீட்டைக் கூட்டிக் கழுவமாட்டார்கள் என்று இராசரத்தினம் படியில் ஏறும்போது நினைத்தார். வாழ்நாளில் அவருக்குத் தோன்றிய சரியான வாக்கியங்களில் அது ஒன்று, அதை எழுதி வைக்கவும் அவருக்கு அன்று மனமில்லை.

வீட்டுக்கு வந்தபோது குணவதி சோபாவில் சரிந்து கிடந்தாள். ஹுஸைன் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு ஈரத் துணியால் அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். றெஜினா ஆறாம் நிலையோடு நிறுத்திவிட்டு விசிறினாள். தேங்காய்க்காரிகள் கதவடியில் கூடி, ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் உள்ளே வருபவர்கள் சப்பாத்தோடு வருவார்களே என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். குணவதி கண்ணைத் திறந்து வேண்டாம் என்று தலையசைத்தாள். இராசரத்தினம் நிலத்தில் குந்தினார். பல வருடத்துக்குப் பிறகு அவர் நிலத்தில் குந்தியது அன்றுதான், முழங்கால் சத்தம் போட்டது.

“எனக்காக நிப்பாட்டும் குணம். நான் கேக்கிறன்.”

“மற்ற எல்லாத்துக்கும் முன்னைப் பின்னைப் பாக்கலாம். நேர்த்திக்குப் பாக்கேலாது. நான் வைச்சது, நீங்கள் முடிக்கவேண்டியது.”

“நான் அதை நம்பேல்லை.”

“உங்களை ஆர் நம்பச் சொன்னது?” என்றாள் குணவதி. அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் குரலில் எரிச்சல் முழுசாக இருந்தது. “முப்பத்தெட்டு வருசமா நம்பு எண்டு நான் ஒருநாள் கேட்டனானே? வந்திட்டன் எண்டு சொல்லுங்கோ எண்டுதான் கேட்டன். வந்தனீங்கள்தானே? அது பொய்யே?”

கடவுள் மறுப்புப் பற்றி நாலு மொழியில் வாதாடக்கூடிய மனிதர் இராசரத்தினம். அவர் வந்தது பொய்யல்ல. ஆனால் இந்த முப்பத்தெட்டு வருடத்தில் தான் வந்ததாக அவர் யாருக்கும் சொன்னதில்லை, மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. முகாமிலிருந்து வந்த அன்றே தந்திகளைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், அதற்குப் பிறகு அரசியலைப் பற்றியும் சபையைப் பற்றியும் லோன்றியைப் பற்றியும் பேசினார். பதினொரு மாதத்தில் முகாமில் என்ன நடந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. எழுந்து குளியலறைக்குள் போனார்.

ஈர வேட்டியோடு, மேலில் ஒன்றும் இல்லாமல், ஒடுங்கிய நெஞ்சும் வெள்ளை மயிரும் முதுகில் பழைய தழும்புகளுமாக அவர் நடையில் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆயத்தமாக வந்த பெண்கள் தழும்பைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தார்கள். ஹுஸைன் எழுந்து ஓரமாக நின்றார். றெஜினா குணவதியைத் தாங்கிக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். துணி அலமாரியின் கதவு திறந்திருந்தது. கீழே படுக்கை விரிப்புகள், நடுவில் துவாய்கள், மேலே படம். இராசரத்தினம் கைகூப்பவில்லை, கும்பிடவில்லை, ஒரு பக்கமாக ஏறப்போன உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டு நின்றார். தரைவிரிப்பில் தண்ணீர் சொட்டியது. தேங்காய்க்காரி ஒருத்தி பொறுமையிழந்து, “சொல்லுங்கோவன் அங்கிள்” என்றாள்.

“வந்திட்டன்,” என்றார்.

சத்தம் வரவில்லை. திரும்பவும் சொன்னார். மூன்றாம் முறை படத்தைப் பார்க்காமல் குணவதியைப் பார்த்துச் சொன்னார், அப்போது அவருக்குக் குரல் உடைந்து அழுகை வந்தது, அழுகிற பழக்கமில்லாதவர்கள் அழுவதுபோல அசிங்கமாக அழுதார். குணவதி அவரைத் தேற்றவில்லை. பசிக்கிறது என்று சொன்னாள். றெஜினா சோறு வடித்தாள், ஹுஸைன் வெங்காயம் வெட்டினார், தேங்காய்க்காரிகள் தாங்கள் கொண்டுவந்த தேங்காயை முதன்முதலாகச் சமையலுக்கு உடைத்தார்கள். குணவதி வெள்ளிக்கிழமை மத்தியானம், முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு, மூன்று அகப்பைச் சோறு சாப்பிட்டாள். ஆனி மாதத்துக்குள் அவளுடைய மோதிரம் திரும்பவும் விரலில் இறுகிவிட்டது.

1107இல் வெள்ளிக்கிழமை இன்னும் நிற்கிறது. இன்னும் பன்னிரண்டு வருடத்துக்கு நிற்கும். சபையின் புதிய கைநூலில் வாகனத் தரிப்பிடம், லோன்றி அறை, பார்ட்டி ரூம் என்பவற்றின் கீழே, வெள்ளி, 1107, காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை என்று ஒரு வரி இருக்கிறது. பக்கத்துக் கட்டடங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், வழக்கம்போலச் சண்டையும் பிடிக்கிறார்கள்.

ஆடி மாதம் ஒருநாள் குணவதி பிளாசாக் கடைத்தொகுதிக்குப் போய் விளைமீன் வாங்கிவந்து, பாதியைக் குழம்பு வைத்துப் பாதியைப் பொரித்தாள். மிளகாயும் புளியும் கொதிக்கிற மணம் லிஃப்ட் வரைக்கும் போனது. இராசரத்தினத்தின் கோப்பையில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள். அவர் சோற்றில் கை வைத்தார், எடுத்தார், கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்.

“ஏன், என்ன?”

“இண்டைக்கு வெள்ளியெல்லோ?” என்று அவர் வாயிலிருந்து வந்தது.

குணவதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “கிழமைக்கு ஒருக்கா வந்தால்தான் வெள்ளி. ஒவ்வொரு நாளும் வந்தால் அது வெறும் நாள். தின்னுங்கோ.”

அவர் தின்னவில்லை. மீன் துண்டை எடுத்து அவளுடைய கோப்பையில் வைத்துவிட்டு, பருப்பை ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அவர் மீன் தொடுவதில்லை, இறைச்சி தொடுவதில்லை, முட்டை போட்ட கேக்கையும் விசாரித்துத்தான் வாயில் வைக்கிறார். கேட்பவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் என்று சொல்லுகிறார், கட்டடத்தில் எல்லாரும் ஓம் என்று தலையாட்டுகிறார்கள்.